மத்தியான மேஜை

தலைமை ஆபீசிலிருந்து விசாரிக்க வந்திருந்த ஜெர்மனி அம்மா எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்து, மாபிங் என்று ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

சூடாமணிக்குப் புரியவில்லை. ஆழ்வார்பேட்டையில் இருந்த அந்த அச்சு இயந்திரக் கம்பெனியில் ஜெர்மன் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மொழிபெயர்ப்பாளர் என்று அதற்காகவே சம்பளம் வாங்குகிறவள்.

ஆங்கில வார்த்தைதானே, உங்களுக்குத் தெரியாதா என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டாள். அவர்கள் ஊர் ஆபீஸ்களில் இப்போது எல்லோர் வாயிலும் அதுதானாம். பிறகு விளக்கினாள். கூட வேலை செய்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒருத்தரை மட்டும் ஒதுக்கி வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக நோகடித்து, தானாகவே வேலையை விட்டு ஓட வைப்பது.

இவ்வளவுதான் அர்த்தம் என்றால், போன ஐப்பசியிலிருந்து சூடாமணிக்கு அது நன்றாகவே தெரியும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், பிரதோஷம். நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் சீட்டைக் காலி செய்துவிட்டுக் கபாலி கோயிலுக்கு நழுவியிருந்தார்கள். வழக்கம்தான். யாராவது ஒருத்தர் இருந்து, மேனேஜர் கேட்டால் பேங்க், போஸ்ட் ஆபீஸ் என்று சமாளிக்க வேண்டும். அன்றைக்குச் சூடாமணியின் முறை. மேனேஜர் கேட்டார். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டாள். சாமி விஷயத்தில் பொய் சொல்லக் கூடாதாம். பைத்தியக்காரி. எல்லோருக்கும் அரை நாள் லீவு போனது.

மறுநாளிலிருந்து மத்தியான மேஜையில் அவள் டப்பாவை யாரும் தொடவில்லை.

அந்த ஆபீசில் எல்லோருடைய டப்பாவும் நடு மேஜைக்கு வரும். ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார்கள். அவள் கொண்டுவந்தது மட்டும் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. டெலிபோன் ஆபரேட்டர் தேவானை மட்டும்தான் பொறுக்க மாட்டாமல் ஒருநாள் மேஜையை விட்டு எழுந்தாள். தன் டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில் இவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அதிலிருந்து இருவரும் அங்கேதான் சாப்பிட்டார்கள்.

ஜெர்மனி அம்மா சொன்னதைச் சூடாமணி தமிழில் சொன்னாள். அறையில் இருந்த அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவை. இங்கே அப்படி நடக்கிறதா, யாராவது செய்திருந்தால் வேலை போய்விடும் என்றாள் அந்த அம்மா. அதையும் சூடாமணி நிதானமாகவே தமிழில் சொன்னாள். அவளுக்கு இனித்தது, மறைப்பானேன்.

அக்கவுண்ட்ஸ் செண்பகம் தொண்டையைச் செருமினாள். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். ஜெர்மனி அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"சூடா, இன்னிக்கு மத்தியானம் எங்க கூட வந்து உக்காருடி. உன் வத்தக்குழம்பு சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு."

அந்த அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தாள்.

சூடாமணிக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

இங்கே அப்படி எதுவும் கிடையாது, நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம் என்று ஜெர்மனில் சொன்னாள்.

அந்த அம்மா விடவில்லை. இந்த ஆபீசின் டெலிபோன் ஆபரேட்டர் ஜெர்மனிக்கே போன் போட்டு, தெரிந்த இங்கிலீஷில் அழுதிருக்கிறாள். தனக்காக எதுவும் கேட்கவில்லை. என் சிநேகிதியைப் படுத்துகிறார்கள், அவளைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். யார் அந்தச் சிநேகிதி?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காதில் ஹெட்போனோடு தேவானை இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படாமல் சொல் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

அப்படி யாரும் இல்லை என்றாள் சூடாமணி.

அப்படியானால் அந்தப் பெண் சொன்னது பொய்யா?

ஆமாம்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டாள். இப்படிப் பொய் சொல்கிறவளை வைத்துக்கொள்ள முடியாது, சாயங்காலமே மேனேஜரிடம் சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றாள். இதைத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சூடாமணி சொன்னாள், செண்பகத்தைப் பார்த்து.

மத்தியானம் அவள் டப்பாவில் முதல் கரண்டியை விட்டவள் செண்பகம்தான். குழம்பு பிரமாதம் என்றாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். டப்பா காலியானது.

போர்டிலிருந்து எழுந்து தேவானையும் தன் டப்பாவோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாக்கா, நான் சொல்லல? எல்லாம் சரியாப் பூடுச்சு."

தேவானை முன்பு உட்காரும் நாற்காலி, சூடாமணிக்குப் பக்கத்தில், காலியாகத்தான் இருந்தது.

சூடாமணி தன் கைப்பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.