தளர்த்தாத தந்திகள்

தவக்காலம் முழுக்க மாதா கோயிலில் கிட்டார் கிடையாது. சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ரஞ்சிதம் தந்திகளைத் தளர்த்திக் கொடுப்பாள். அவள் கணவன் சூசைராஜ் அதைப் பீரோவின் மேல் படுக்கவைப்பான். இந்த வருஷம் இருவருக்கும் பேச்சு இல்லை. முறுக்கிய தந்திகளோடே அவன் மேலே ஏற்றினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின மதியம் இறக்கியபோது, தகரக் கூரையின் வெக்கையில் தந்திகள் இழுத்துக் கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. தந்திக்கும் கட்டைக்கும் நடுவே சுண்டுவிரலே நுழைந்தது.

“ராத்திரிப் பூசைக்கு என்னத்த வாசிக்கிறது?” என்று அவன் சுவரிடம் கேட்டான்.

கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கினால் மரம் நிமிரும். ஆனால் எவ்வளவு நிமிர்ந்தது என்று முறுக்குகிறவனுக்குத் தெரியாது. எதிர்முனையிலிருந்து இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் தந்திகளைத் தளர்த்திவிட்டு, கிட்டாரின் வட்டத் துளைக்குள் கம்பியை முறுக்கும் சாவியை நுழைத்தான். ரஞ்சிதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கழுத்தைத் தன் மடியில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

கால் சுற்று. மரம் முனகியது.

“கொஞ்சம் நிமிந்திருக்கு.”

அவன் உடனே மறுபடி முறுக்கப்போனான். அவள் எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

“ஒரேயடியா வேணாம், ஒடிஞ்சிரும். செத்த நேரம் விடுங்க.”

காத்திருந்தார்கள்.

“நீ தளர்த்துவேன்னு பாத்தேன்.”

“நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்.”

வெளியே கோயில் மைக்கை யாரோ ஊதிப் பார்த்தார்கள்.

“ம், இப்ப முறுக்குங்க,” என்றாள், பிடித்த கையை விடாமல்.