மயிலைக்கு ஒரு கோடு

தீவனம் பத்தாத வருஷம். நாச்சிமுத்துவும் வள்ளாத்தாளும் வாசலில் கோலமாவால் தங்கள் தோட்டத்தை வரைந்து, எது எங்கே போகிறதென்று கோடு இழுத்தார்கள். கட்டுத்தறியில் நின்ற கிழட்டுக் காளை மயிலை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"பசுவுக்கு வைக்கோல் கோடு வருது, பால் கோடு போகுது. எனக்கு ஒண்ணையும் காணோமே?"

"உழவுக்குத்தான் டிராக்டர் வந்துருச்சுங்களே அண்ணா," என்றது பக்கத்து வெள்ளாடு.

பதறிப்போன மயிலை, எரு தர நானும் இருக்கிறேனென்று அவசரமாகச் சாணி போட்டுக் காட்டியது.

வள்ளாத்தாள் நிமிர்ந்தாள். "அட, இவனை விட்டுட்டோமுங்க." காளைக்கு ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கோடு இழுத்தாள்.

"பாத்தியா, எனக்கும் போட்டுட்டாங்க!" மயிலைக்கு மூச்சு வந்தது.

வெள்ளாடு அந்தக் கோட்டின் முனையைப் பார்த்தது. மற்ற கோடுகளெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்தன. மயிலையின் கோடு கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சந்தை ரோட்டில் போய் நின்றது.