கணுக்கால் உயரத்தில் கேமரா

ஆதிநாராயணனின் மாந்தோப்பில் மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் ஓர் எருமை படுத்தால் இன்னோர் எருமைக்கு இடம் இருக்காது. அதைக் காட்டி, தோப்பே மூழ்கிவிட்டதாகச் சொல்லி அரசாங்கத்திடம் நஷ்டஈடு கறந்துவிடுவதென்று அந்தப் புண்ணியவான் முடிவு கட்டியிருந்தார்.

புத்தூரிலிருந்து கல்யாண போட்டோகிராபர் பிலிப்பை வரவழைத்தார். பிலிப் நின்றபடியே ஒரு படம் எடுத்துக் காட்டினான்.

"என்னாய்யா இது? மாடு மூத்தரம் பேஞ்ச மாதிரி கீது!"

"நின்னுக்கினு எடுத்தா கரை தெரியத்தாண்ணா செய்யும். கேமராவ தரையோட வெச்சா, தண்ணி கண்ணுக்கு எட்ன மட்டும் போவும்."

"அப்ப படு."

பிலிப் சேற்றில் குப்புறப் படுத்தான். கேமரா கணுக்கால் உயரத்துக்கு இறங்கியது. படத்தில் குட்டை கடலாகிவிட்டது. மாமரங்கள் அதன் நடுவே பரிதாபமாக நின்றன.

ஆதிநாராயணனுக்குத் திருப்தி இல்லை. "அந்தக் காஞ்ச மேடு தெரியுது பாரு. இன்னும் எறக்கு."

பிலிப்பின் மூக்கில் சேறு ஏறிய பிறகுதான் ஆளை விட்டார். மனுவோடு படமும் போனது.

குட்டை காய்ந்த பிறகு ஒருநாள் தாசில்தார் ஸ்வர்ணலதா, சர்வேயரைக் கூட்டிக்கொண்டு தோப்பில் வந்து இறங்கினார். ஆதிநாராயணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். குட்டு வெளிப்பட்டால் ஜெயில்தான்.

தாசில்தார் படத்தையும் தோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமாவே இவ்ளோ தண்ணி நின்னுச்சா? இல்ல, போட்டோல ஏதாவது வேலை காட்டினீங்களா?"

"ஐயோ மேடம்! காணிப்பாக்கத்துக்கே வந்து சத்தியம் பண்றேன். அந்தப் புள்ளையார் முன்னாடி பொய் சத்தியம் பண்ணிட்டு எவனாவது உருப்பட முடியுமா?"

"இந்த மழைக்கு மட்டும்தானா?"

பேராசை பிடித்த வாய் சும்மா இருக்குமா?

"வருசா வருசம் இதே கதிதான் மேடம். எங்க நைனா காலத்துலேர்ந்து இப்டித்தான் நிக்குது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைக்கூடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். தாசில்தார் அப்போதுதான் சிரித்தார். பணம் கைக்கு வந்துவிட்ட மாதிரி ஆதிநாராயணனும் சிரித்தார்.

தாசில்தார் சர்வேயர் பக்கம் திரும்பினார்.

"ரிக்கார்டுல இருக்கு, நேர்ல காணோம்னு ஒரு ஏரியைத் தேடிக்கினு இருந்தோமே, கெடைச்சிடுச்சு. ஏரிக்குள்ள நட்டு வெச்சிருக்கற மரத்தையெல்லாம் வெட்டி எடுக்க ஆள் அனுப்புங்க."