நின்ற காற்று

"ஃபேனை நிறுத்தினது யாரு?"

ரோஜாக் கொட்டகையில் சூப்பர்வைசர் கேட்டதும் எல்லோரும் தலை குனிந்தார்கள். இலையெல்லாம் மாவு தூவின மாதிரி வெள்ளை. சாம்பல் நோய். மொட்டுகள் கழுத்து கோணி நின்றன. இந்த வாரம் அனுப்ப வேண்டிய பூவில் பாதிகூடத் தேறாது.

நோய்க்குக் கந்தகத் தூள் தூவுகிறவளே முன்னால் வந்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கல்லுளிமங்கி என்பார்கள். பத்துக் கேள்வி கேட்டால் அரை பதில் வரும்.

"நான்தான் சார். தூள் அடிக்கிறப்ப நிறுத்துவேன். திரும்பப் போட மறந்துடறேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலில் வெக்கை, ராத்திரியில் குளிர், நடுவில் நகராத ஈரக்காற்று. இந்த நோய்க்கு மழைகூட வேண்டாம், இது போதும் என்று எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பார். காவலுக்கு வைத்தவளே காற்றை அடைத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

"தினமும் மறந்தா அதுக்குப் பேரு மறதி இல்லம்மா. திமிரு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்க்கிறவள் என்று மற்றவர்கள் பரிந்து பேசிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. முகமூடியையும் கையுறையையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் ஆள் இல்லாமல் அவரே தூள் தூவினார். முடிந்ததும், காற்றை வெளியே தள்ளும் அந்த ஃபேனைத் தன் கையாலேயே போட்டார். உள்ளே மஞ்சளாக நின்ற தூசி, பின்பக்கத்து வீட்டு வரிசையைப் பார்த்து ஓடியது. முதல் வீடு அவருடையதுதான். நெடி வருகிறது என்று மனைவி முன்பு ஒருநாள் ஆரம்பித்தபோது, "சோறு போடற நெடி அது" என்று அவள் வாயை அடைத்திருந்தார்.

அரை மணியில் மனைவியிடமிருந்து போன். பின்னால் குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம்.

"சீக்கிரம் வண்டி எடுத்துட்டு வாங்க. குட்டிக்கு மறுபடியும் இழுக்குது. மூணு வாரமா நல்லா இருந்தான். நீங்க கத்துவீங்கன்னு உங்களுக்குத் தெரியாம, அந்தத் தூள் அடிக்கிற அம்மாகிட்ட கால்ல விழாத குறையாக் கேட்டு நான்தான் ஃபேனை நிறுத்த வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணிச்சு. இன்னிக்கு எந்தப் பாவிங்க அதைப் போட்டது?"