மூன்று மணித்தியாலச் சாந்தி

"ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ. ஆடக்கூடாது!"

பற்றிக் என்ற அந்தக் கிழவர் கையைத் தூக்கினார். குரல் சுவரின் மேல் மூலையில், சின்னச் சிவப்பு வெளிச்சம் ஒன்றுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசற்கதவு பூட்டியிருந்தது. ஜன்னல்களும் அப்படியே.

"இன்னும் மேல. மூச்சை விட்டிடாதேங்கோ அப்பா."

கடத்தல்காரர்கள் யாரும் 'அப்பா' என்று கூப்பிடுவதில்லை. இது மகள் சாமினி. அவள் இருந்தது கனடாவில். அவளுடைய கமரா இருந்தது அப்பாவின் வெள்ளவத்தை பிளாட்டின் ஹோலில்.

போன வருடம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் சனநெரிசலில் அப்பா மயங்கி விழுந்ததை, யாரோ பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவள் அறிந்தாள். அன்றோடு அவர் தனியாக வெளியே போவது நின்றது. அடுத்து கமரா வந்தது. கமராவுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று யோகா வந்தது.

"இண்டைக்குச் செவ்வாய், பிள்ளை." பற்றிக் கையை இறக்கிவிட்டுக் கதிரையில் விழுந்தார். "ஒருக்கா கொச்சிக்கடைக்குப் போய், அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு ஓடி வாறன்."

"பூசையை யூடியூப்பில பாருங்கோ."

"மெழுகுதிரியையும் யூடியூப்பிலயோ கொளுத்துறது?"

"கதையை மாத்தாதேங்கோ. இண்டைக்கு யோக நித்திரை. படுத்தபடி, மியூசிக்கோட. எந்த மியூசிக் எண்டு நீங்களே சொல்லலாம்."

கைதியிடம் இன்றைக்குக் கத்தரிக்காயா பூசணிக்காயா என்று கேட்கும் பெருந்தன்மை அந்தக் குரலில் இருந்தது. ஸ்பீக்கரும் அவளுடைய போனின் சொல்லைத்தான் கேட்டது. முதலில் புல்லாங்குழல் வந்தது.

"வேண்டாம். றேடியோவில மரண அறிவித்தலுக்கு முன்னால போடுறது."

பியானோ.

"இது பாங்குக்குக் கோல் எடுத்தா, லைன்ல நிக்கச் சொல்லிப் போடுறதெல்லோ?"

மழை.

"இதைக் கேட்டா எனக்கு ஒண்டுக்கு வரும்."

கடல் அலை.

"பிள்ளை, ஜன்னலைத் திறந்தா இதே கடல்தான். பூட்டச் சொல்லிப்போட்டுக் கனடாவில இருந்து அலை அனுப்புறாய்."

சாமினி மூச்சை இழுத்து விட்டாள். அது யோகாவில் சேராது. அடுத்ததாக, வெண்கலக் கிண்ணம் ஒன்றை யாரோ யோசித்து யோசித்துத் தட்டும் சத்தம் வந்தது. டொங். வெகுநேரம் கழித்து இன்னொரு டொங்.

பற்றிக் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது எவ்வளவு நேரம் ஓடும்?"

"மூண்டு மணித்தியாலம். அவ்வளவும் தேவையில்லையப்பா."

"இதுதான் வேணும். சாந்திக்கு என்ன அவசரம்? இடையில நீ கதைச்சுக் குழப்பாதை. மூச்சுப் பிசகிடும்."

குசினிப் பின்கதவை யாரோ தட்டினார்கள்.

"ஆரப்பா அது?"

"வோச்சர் தங்கையா. இராத்திரி டியூட்டி முடிஞ்சு போகேக்க பால் பக்கற் தந்திட்டுப் போறவர்." பற்றிக் கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து, முழங்கால் முறிகிற சத்தத்தோடு எழும்பினார். "பாலை வைச்சிட்டு, சாரம் மாத்திக்கொண்டு வாறன். கண்ணில வெளிச்சம் படாமல் ஒரு துவாயும் போடவேணும்."

கமராவுக்குக் குசினி தெரியாது. அது சாமினியின் அடுத்த மாதத் திட்டத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில், நீலச் சாரமும் தலையை மூடிய ஈரத் துவாயுமாக ஆள் ஹோலுக்கு வந்தது. எதையும் பிடிக்காமல் பாயில் சம்மணமிட்டு, அப்படியே மல்லாந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது.

"அப்பா! முழங்கால் என்ன லேசா மடியுது! யோகா வேலை செய்யுது எண்டு நான் சொன்னன்தானே?"

டொங், என்றது கிண்ணம். சாமினி பூரித்துப்போய் உடுப்பு மடிக்கப் போனாள்.

உடுப்பு மடித்தாள். இராச்சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவினாள். திரும்பி வந்து பார்த்தபோது, பாயில் கிடந்த உருவம் போட்டது போட்டபடியே கிடந்தது.

"அப்பா, படுத்தது காணும். எழும்புங்கோ."

டொங்.

"பகிடி விடாதேங்கோப்பா. ஒரு விரலையாவது ஆட்டுங்கோ."

விரல் ஆடவில்லை. அவள் மியூசிக்கை நிறுத்தினாள். கடற்கரை ரயில் ஒன்று ஜன்னல் கண்ணாடியை உலுப்பிக்கொண்டு போனது. பிளாட்டில் அசைந்தது அந்தக் கண்ணாடி மட்டும்தான்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஒரு மனிதனைத் தொட்டு எழுப்பக் கமராவுக்குக் கை கிடையாது. அது சாமினிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ அப்பா! நான்தான் உங்களைப் பூட்டி வைச்சுச் சாகடிச்சுப்போட்டன். எழும்புங்கோப்பா! யோகாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அடுத்த செவ்வாய் நானே ஓட்டோ புக் பண்ணிக் கொச்சிக்கடைக்கு அனுப்புறன். அந்தோனியார் மேல சத்தியம்!"

அவள் அழுத அழுகையில் ஸ்பீக்கர் கரகரத்தது. போர்வை திடுக்கிட்டு ஆடியது, துவாய் நழுவியது. பற்றிக்கின் முகத்தில் என்றைக்குமே இல்லாத பெரிய மீசையோடு, தங்கையா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அழாதீங்கம்மா. ஐயா இந்தச் செவ்வாயே கோயிலுக்குப் போயிட்டாருங்க."