தீர்மானம் தோற்றது

பஸ் நகர மையத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து, மடியில் இருந்த இனிப்புப் பெட்டியை ஸ்வர்ணா இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டெடுப்பு இன்னும் முடியவில்லை. ஆனாலும் மத்தியானமே போய் வாங்கி வந்துவிட்டாள். அப்பா ஜெயிப்பார் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

இந்தியாவில் அவள் அப்பா ரவிசங்கர், மாநில வீட்டுமனை ஆணையத்தின் தலைவர். அரசு நிலத்தைக் கட்டடக் கம்பெனிகளுக்கு ஒதுக்கிவிட்டு, பதிலுக்கு அடுக்குமாடி வீடுகளை யார் யார் பேரிலோ வாங்கிக்கொண்டார் என்று புகார். அவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் இன்று சட்டமன்றத்துக்கு வந்திருந்தது. ஓட்டெடுப்புக்கு முன் அவரே சபையில் நின்று பதில் சொல்ல அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவள் போனைத் திறந்தாள். நேரலை வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிச் சுற்றி, கடைசியில் சார்ஜ் தீர்ந்து போனே அணைந்துவிட்டது. வெளியே நியூசிலாந்து மழையில் மவுண்ட் ஈடன் ரோடு முழுக்கக் கார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருசாந்தி அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். இருவருக்கும் ஒரே வங்கியில் அடுத்தடுத்த மேசை. "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ ஸ்வர்ணா. அப்பா வாயைத் திறந்து கதைச்சாரெண்டா எல்லாம் சரிவரும்."

இந்த இரண்டு மாதமாக ஆறுதலாகப் பேசியவள் கிருசாந்தி ஒருத்திதான். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ அப்பாவைக் கிண்டல் செய்தபோது, சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவள் ஸ்வர்ணா. அப்பாவைத் திட்டி வந்த ஒவ்வொரு செய்திக்குக் கீழும் தன் சொந்தப் பேரிலேயே பதில் எழுதினாள். எழுத எழுத, பழைய சிநேகிதிகள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. உங்கப்பா வாங்குகிற சம்பளத்தில் நம் கல்யாணத்தை அத்தனை ஆடம்பரமாக நடத்தியிருக்க முடியுமா என்று கணவன் சந்தீப் ஒரே ஒரு தடவை கேட்டான். அன்றைக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

அப்பாவை அவளுக்குத் தெரியாதா? நேற்றுகூட அவராகவே கூப்பிட்டார். புகாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்துவிட்டதா, இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்றதும், அப்பாடா என்று மூச்சு விட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் மகளை நினைக்கிறாரே என்று அவள் போனை வைத்துவிட்டு அழுதாள்.

த்ரீ கிங்ஸ் நிறுத்தத்தில் இறங்கி, குடையை விரிக்காமல் வீட்டுக்கு ஓடினாள். சந்தீப் ஹாலில் உட்கார்ந்திருந்தான். டிவி அணைந்திருந்தது.

"தீர்மானம் தோத்துடுச்சு," என்றான். "உங்கப்பா பதவியில இருக்கார்."

ஸ்வர்ணா நனைந்த கோட்டோடு சோபாவில் சரிந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு, இரண்டு மாதம் நெஞ்சில் அடைத்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினாள். ஊரார் சந்தேகப்பட்டது கூடப் பெரிசில்லை, கட்டினவன் சந்தேகப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றாள். அப்பாவிடம் அவன் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்றாள்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சந்தீப் மெதுவாகக் கேட்டான். "அவர் பேசினதைக் கேட்டியா?"

கேட்கவேண்டிய அவசியம் தனக்கு இல்லை என்றாள். உண்மையைச் சொல்லியிருப்பார், நாலு பேர் நம்பியிருப்பார்கள், அவ்வளவுதானே. சந்தீப் மேலே ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றான்.

சார்ஜரில் போட்டதும் போன் உயிர் பெற்றது. எடுக்காத அழைப்புகள் மளமளவென்று வந்து நிறைந்தன. வங்கி மேலாளர்கூட இரண்டு தரம் கூப்பிட்டிருந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் இருக்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் பட்டாசும் கோஷமும் காதைப் பிளந்தன. பிறகு ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். எல்லாம் அடங்கியது.

"எனக்குத் தெரியும்பா," என்றாள். "யார் என்ன சொன்னாலும் நான் நம்பலப்பா."

"நீ டிவி பார்க்கலையாம்மா?"

"பஸ்ல மாட்டிக்கிட்டேன்பா. நீங்க பேசினதைக் கேட்க முடியல."

சின்ன வயதில் அவளை ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது பேசுவாரே, அந்தக் குரலில் மெல்ல ஆரம்பித்தார்.

"அப்பாவுக்கு வேற வழி தெரியலம்மா. அந்த வீடெல்லாம் எனக்குத் தெரியாம நீ வாங்கினதுன்னு சொல்லிட்டேன்."