மாத்திரையை மறந்தவள்

"மறுபடியும் பாதியிலயே நிறுத்திட்டீங்களா?"

டாக்டர் கோங் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

சியூ-லுவான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் அந்த அறையே மெல்ல மிதப்பதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெந்நீர் ஊற்றுகளின் ஆவி மழையோடு கலந்து ஜியாவ்சி ஊரின் தெருவை மூடிக்கொண்டிருந்தது.

"மறந்துபோச்சு டாக்டர்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"மறதியா? இவளுக்கா?" பக்கத்தில் நின்ற கணவர் தியென்-ஃபூ பொரிந்து தள்ளினார். "எங்க கல்யாணத்துல எங்கக்கா என்ன சொன்னாங்கறதை இன்னிக்கு வரைக்கும் மறக்கல. மாத்திரை மட்டும் மறந்துடுமாம்!"

டாக்டர் சிரிக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் நின்னுட்டா நோய் போயிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா. கிருமி மயங்கித்தான் கிடக்கும். மருந்தை நிறுத்தினா எழுந்து உட்கார்ந்துக்கும். இப்பக் காய்ச்சல் வேற. கிட்னிக்கு ஏறியிருக்குமோன்னு எனக்குப் பயமா இருக்கு. சொன்ன அளவு, சொன்ன நாள், முழுசா சாப்பிடணும்."

"சாப்பிடுவா. இந்தத் தடவை நான் எதிர்ல நின்னு முழுங்க வைக்கிறேன்," என்றார் தியென்-ஃபூ. "வாயைத் திறந்து காட்டச் சொல்றேன்."

சியூ-லுவான் முகம் வெளுத்தது.

"நீங்க ஒண்ணும் நிக்க வேணாம். நானே சாப்பிடுவேன்."

பிறகு, யாரிடமோ பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர்... இந்த மாத்திரையை வயித்துல புள்ள இருக்கறவங்க சாப்பிடலாமா?"

"அடியே, உனக்கு அம்பத்தாறு வயசு!" தியென்-ஃபூ தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சும்மாதான் கேட்டேன்... டீவியில பாத்தேன்."

டாக்டர் சியூ-லுவானின் முகத்தையே பார்த்தார்.

"ஐயா, நீங்க வெளியில போய் இருங்க. இவங்களுக்கு டிரிப்ஸ் ஏத்தணும்."

"காய்ச்சல்ல உளர்றா," என்று முணுமுணுத்தபடி தியென்-ஃபூ வெளியேறினார்.

படுக்கையில் சாய்ந்ததும் சியூ-லுவானுக்குக் கண் செருகியது. குழாயில் சொட்டும் மருந்தும் கூரையில் சொட்டும் மழையும் ஒரே தாளத்தில் கேட்டன. உடம்பு வெந்நீரில் மிதப்பதுபோல லேசானது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை மாசம் அவளுக்கு?"

சியூ-லுவான் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஆறு இருக்கும்."

"யாரு?"

"சுலஸ்த்ரின்னு பேரு. இந்தோனேசியாப் பொண்ணு. இங்க ஒரு வீட்டுல பெரியவரைப் பாத்துக்கிட்டிருந்தா. வயித்துல புள்ளன்னு தெரிஞ்சதும் ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயந்து ஓடிவந்துட்டா. நான் எங்க வெந்நீர் விடுதியில குளியல் தொட்டி கழுவிக்கிட்டிருந்தேன். ஆவிக்குள்ள இருந்து நடந்து வந்தா டாக்டர். கனவுன்னுதான் நெனச்சேன். தொட்டுப் பாத்தா உடம்பு கொதிக்குது."

"எங்க இருக்கா?"

"எங்க விடுதிக்குப் பின்னாடி, பழைய சாமான் அறையில. எனக்கு வந்த அதே எரிச்சல்தான் அவளுக்கும். நடுக்கம், இடுப்பு வலி. பாஸ்போர்ட் அந்த வீட்டுலயே இருக்கு. எந்த டாக்டர்கிட்டப் போவா? அதான்..."

"அதான் உங்க மாத்திரையைப் பங்கு போட்டீங்க."

சியூ-லுவானின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதோரம் இறங்கியது.

டாக்டர் குரல் இறங்கியது, கோபம் இறங்கவில்லை.

"பாதி நீங்க, பாதி அவ. ரெண்டு பேருக்குமே நோய் போகல. பாதி மருந்துல தப்பிச்ச கிருமி அடுத்த தடவை அந்த மருந்துக்கே அடங்காது. அதுக்கும் மேல, நான் உங்களுக்குக் கொடுத்தது புள்ளத்தாச்சிக்குக் கொடுக்கவே கூடாத மாத்திரை. அவளுக்கு வேற மருந்து. அதையும் அவளைப் பாக்காம நான் தர முடியாது. கூட்டிட்டு வாங்க. நான் அடையாள அட்டை எதுவும் கேக்க மாட்டேன்."

"எப்படி டாக்டர்? அவளால நடக்க முடியாது. வண்டி அவர்கிட்ட இருக்கு. ஓடிப்போன வேலைக்காரங்கன்னு பேச்செடுத்தாலே அவர் குதிப்பாரு. இடம் கொடுத்தா நம்மளையும் உள்ள தூக்கிப் போட்டுடுவாங்கன்னு கத்துவாரு. அவருக்கு மட்டும் தெரிஞ்சுது... அன்னிக்கே போலீஸுக்குப் போன் பண்ணிடுவாரு."

"நான் பேசிப் பாக்கறேன்."

"வேணாம் டாக்டர். கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

டாக்டர் எழுந்து டிரிப்ஸ் சொட்டும் வேகத்தைச் சரிபார்த்தார். சியூ-லுவான் கனவுக்கும் நினைவுக்கும் நடுவில் எங்கோ நழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

தியென்-ஃபூ நின்றிருந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். அவருடைய மழைக்கோட்டு அவர்மேல் இல்லை. அதைப் போர்த்திக்கொண்டு, மேடிட்ட வயிற்றோடு ஒரு பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள். பல நாள் பழக்கம்போல அவர் கையைப் பிடித்திருந்தாள்.

சியூ-லுவான் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இதுவும் கனவுதானோ என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரிடம்தான் சொன்னார்:

"முதல்ல இவளைப் பாருங்க டாக்டர். தினம் நான் கொண்டுபோற கஞ்சியைக்கூட இப்ப வேணாங்கறா. இவ குணமானாத்தான் என் பொண்டாட்டி தன் மாத்திரையைத் தானே முழுங்குவா."